எழுபது வயதுக் குரலில் பதினைந்து பாட்டுகள்: ஜோனி கேஷின் 'அமெரிக்கன் 4'

இலங்கையின் மலையகத்தில் 'கன்ட்ரி' இசை, அதாவது அமெரிக்க நாட்டுப்புறப் பாணி இசை, என்றதும் பெரும்பாலானோர் நினைப்பது ஜிம் ரீவ்ஸைத்தான். 1964ஆம் ஆண்டு விமான விபத்தில் மறைந்த அந்த அமெரிக்கப் பாடகரின் மென்குரலை வானொலி வீடுவீடாகக் கொண்டுசேர்த்தது. தோட்ட உத்தியோகத்தர்களின் குவார்ட்டஸ்களிலும் அட்டன், நுவரெலியா, பண்டாரவளை நகரங்களின் பழைய வீடுகளிலும் நத்தார் காலம் வந்தால் அந்தக் குரல் இன்றும் கேட்கிறது. அவருக்கு அடுத்தபடியாகச் சொல்லப்படுபவர் கென்னி ரோஜர்ஸ். இருவரின் பாட்டும் காதுக்கு இதமானது. அந்த இதத்துக்குப் பழகியவர்களுக்கு, அமெரிக்கக் கன்ட்ரி பாடகர் ஜோனி கேஷ் தம் எழுபதாவது வயதில் வெளியிட்ட 'அமெரிக்கன் 4: த மேன் கம்ஸ் அரவுண்ட்' என்ற இசைத்தொகுப்பு முதலில் கரடுமுரடாகத்தான் படும். குரல் நடுங்குகிறது, மூச்சு இரைக்கிறது, சில இடங்களில் சுருதி சற்றே விலகுகிறது. எனினும், கன்ட்ரி இசையில் ஒரேயொரு தொகுப்பைக் கேட்கத்தான் நேரமிருக்கிறது என்று எவரேனும் சொன்னால் நான் தயங்காமல் எடுத்துக் கொடுப்பது இதையே. மலையகத்து மக்களுக்கு இதைக் கேட்பதற்கான காது ஏற்கெனவே வாய்த்திருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

2002ஆம் ஆண்டு நவம்பர் மாதம் வெளிவந்த இந்தத் தொகுப்பில் பதினைந்து பாட்டுகள் உள்ளன. அவற்றில் கேஷ் எழுதியவை மூன்றே மூன்று. அந்த மூன்றிலும் தலைப்புப் பாட்டு மட்டுமே புதியது. எஞ்சியவை பிறர் எழுதிப் பிறர் பாடிப் புகழ்பெற்றவை, அல்லது எழுதியவர் பெயரே தெரியாமல் வாய்வழி வந்த பழம்பாடல்கள். தயாரிப்பாளர் ரிக் ரூபின், ராப் இசையிலும் அதிரடியான ரொக் இசையிலும் பெயரெடுத்தவர். கேஷ் நீண்ட காலம் பாடிவந்த கொலம்பியா நிறுவனம் 1980களின் நடுப்பகுதியில் அவரைக் கைவிட்டிருந்தது. இனி இவர் பாட்டு விற்காது என்று ஊரே முடிவு கட்டியிருந்த நேரத்தில், ரூபின் அவரைத் தேடிப் போய், ஒரு கிட்டாரை மட்டும் கையில் கொடுத்து, விருப்பமான பாட்டுகளைப் பாடச் சொன்னார். அதிலிருந்து 1994இல் 'அமெரிக்கன்' வரிசையின் முதல் தொகுப்பு பிறந்தது. 1996இலும் 2000இலும் அடுத்தடுத்தவை வந்தன. நான்காவதான இதுவே கேஷ் உயிரோடிருந்தபோது வெளியான கடைசித் தொகுப்பு. அடுத்த ஆண்டு மே மாதம் மனைவி ஜூன் கார்ட்டர் இறந்தார். செப்டெம்பர் 12ஆம் திகதி, எழுபத்தொராம் வயதில் அவரும் போய்ச் சேர்ந்தார்.

கேஷின் வளர்ப்பைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும், ஏனெனில் இந்தத் தொகுப்பின் குரல் அங்கிருந்துதான் வருகிறது. ஆர்கன்சோ மாநிலத்தில் 1932இல் பிறந்த அவர், பொருளாதார மந்த காலத்தில் நொடித்துப்போன ஏழை விவசாயிகளுக்காக அமெரிக்க அரசு அமைத்த டயஸ் என்னும் குடியேற்றத்தில் வளர்ந்தவர். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வீடு, இருபது ஏக்கர் நிலம். பருத்தி விளைவித்துக் கடனை அடைக்க வேண்டும். சிறுவயதிலேயே பருத்திக் காட்டில் இறங்கிய கேஷ், தாய் பாடிய பக்திப் பாடல்களையும் வானொலியில் வந்த கன்ட்ரி பாட்டுகளையும் அங்கேதான் கற்றார். அண்ணன் ஜெக், 1944இல் மர அறுவை இயந்திரத்தில் சிக்கி இறந்துபோனார். கூடை நிறையப் பறித்தும் கடன் தீராத வாழ்க்கை, வேலைக்களத்தில் பாட்டு, வீட்டில் ஒரு அகாலச் சாவு ஆகியவற்றைப் பற்றி நம் தோட்டங்களில் பிறந்த எவருக்கும் விளக்கம் தேவைப்படாது.

இசைத்தொகுப்பு ஒலிப்பதிவான காலத்தில் கேஷின் உடல் மிகவும் தளர்ந்திருந்தது. நரம்பு மண்டலத்தைப் பாதிக்கும் நோயும் நீரிழிவும் இருந்தன. நியூமோனியா வந்து அடிக்கடி வைத்தியசாலையில் கிடந்தார். ஒரு காலத்தில் நிலத்துக்கடியிலிருந்து எழும்புவது போல ஒலித்த அந்தக் கனத்த அடிக்குரல் இங்கே மெலிந்து, விளிம்புகள் உதிர்ந்து கேட்கிறது. நல்ல ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டால், ஒவ்வொரு அடிக்கும் முன்னால் அவர் மூச்சை இழுப்பதும், சொல் தொடங்கும்போது உதடு பிரிவதும், நீண்ட அடியின் கடைசிச் சொல்லுக்குக் காற்று போதாமல் அது அரைகுறையாக விழுவதும் தெளிவாகக் கேட்கும். ரூபின் இவற்றை அழிக்கவில்லை. குரலுக்கு மிக நெருக்கமாக ஒலிவாங்கியை வைத்து, எதிரொலி கூட்டாமல், பக்கத்தில் அமர்ந்து பாடுவது போல் பதிவு செய்திருக்கிறார்.

தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால் லயத்து வாசலில் தப்புச் சத்தம் கேட்கும். முதிய பெண்கள் கூடி, ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைப்பார்கள். குரல் கம்மும், தொண்டை அடைக்கும், அடி பாதியில் அறுந்து மூச்சு வாங்கிய பிறகு தொடரும். பாட்டு கெட்டுப்போயிற்று என்று எவரும் அப்போது சொல்வதில்லை. அந்த அறுபடுதலில்தான் துக்கம் இருக்கிறது என்று சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஒப்பாரிக்கு இன்னுமொரு வழக்கம் உண்டு. அந்த அடிகளை அவர்கள் எழுதவில்லை. அம்மாயியிடமிருந்தும் அத்தையிடமிருந்தும் கேட்டு மனத்தில் வைத்திருந்தவை. இறந்தவரின் பெயரையும் உறவுமுறையையும் உரிய இடத்தில் சேர்த்துப் பாடியதும் நூறு சாவுக்குப் பாடிய பாட்டு அன்றைய சாவுக்கே உரியதாகிவிடுகிறது. யாருடைய பாட்டு என்ற கேள்வி அங்கே எழுவதே இல்லை; அதைப் பாடும் உரிமை யாருக்கு வந்திருக்கிறது என்பதே கணக்கு. பிறர் பாட்டைத் திரும்பப் பாடுவதை இரண்டாந்தரமான வேலையாக நினைப்பவர்கள் நம் பக்கத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் இந்தத் தொகுப்பை இந்த வழக்கத்தோடு சேர்த்துக் கேட்க வேண்டும்.

'கிவ் மை லவ் டு ரோஸ்' என்ற பாட்டை எடுத்துக்கொள்வோம். கேஷ் இதை எழுதி முதன்முதல் ஒலிப்பதிவு செய்தது 1957இல், தம் இருபத்தைந்தாவது வயதில். சிறையில் பத்தாண்டு இருந்துவிட்டு வீடு திரும்பும் ஒருவன், வழியில் இருப்புப்பாதை ஓரமாக விழுந்து கிடக்கிறான். அவ்வழியே வந்த அந்நியன் ஒருவன் குனிந்து அவன் பேச்சைக் கேட்கிறான். மனைவி ரோஸுக்கு என் அன்பைச் சொல், மகனை நினைத்து அப்பாவுக்குப் பெருமை என்று சொல், இந்தப் பணத்தை அவளிடம் சேர்த்துவிடு என்பதுதான் செய்தி. முதல் ஒலிப்பதிவில் தாளம் துள்ளலாக ஓடும். இளமைக் குரல் செய்தியைக் கேட்டு வந்து நமக்குச் சொல்லும் வழிப்போக்கனுடையதாகவே இருக்கும். நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, ஒரு சொல்லையும் பெரிதாக மாற்றாமல், வேகத்தைத் தணித்து அவர் பாடும்போது, குரல் இருப்புப்பாதை ஓரத்தில் கிடப்பவனுடையதாகிவிட்டது. மகனைப் பற்றிச் சொல்லும் அடியில் அவர் அவசரப்படுவதில்லை. மூச்சு இருக்கும்போதே சொல்லி முடித்துவிட வேண்டும் என்ற பதைப்பும் இல்லை. செய்தி சேர்ந்துவிடும் என்று அந்நியனை நம்பும் ஒருவனின் நிதானம் அதில் இருக்கிறது. இந்தப் பாட்டுக்காக 2003இல் சிறந்த கன்ட்ரி ஆண்குரலுக்கான கிராமி விருது அவருக்குக் கிடைத்தது. தொகுப்பின் உச்சம் என எல்லோரும் வேறொரு பாட்டைச் சொல்வார்கள். நான் இதைத்தான் சொல்வேன்.

எல்லோரும் சொல்லும் அந்தப் பாட்டு 'ஹர்ட்'. நைன் இஞ்ச் நெய்ல்ஸ் என்ற குழுவுக்காக டிரென்ட் ரெஸ்னர் எழுதி, 1994இல் வெளியிட்டது. போதைக்கும் தன்வெறுப்புக்கும் இடையில் சிக்கிய இளைஞன் ஒருவனின் புலம்பல். இரைச்சலும் இயந்திர ஓசைகளும் நிறைந்த ஓர் இசைத்தொகுப்பின் முடிவில் அது வரும். கேஷ் அதைக் கிட்டாருக்கும் பியானோவுக்கும் கொண்டுவந்திருக்கிறார். தொடக்கத்தில் கிட்டார் தந்திகளை ஒவ்வொன்றாகத் தொடும் ஓசை மட்டுமே. பல்லவிக்கு வரும்போது பியானோவின் ஒரே சுரம் மீண்டும் மீண்டும் தட்டப்படுகிறது. அது ஒவ்வொரு முறையும் சற்று உரக்க, இரண்டாம் பல்லவியில் காதை அடைக்குமளவு ஏறி, சட்டென்று நிற்கிறது. அந்த இரைச்சல் ஏறிக்கொண்டே போக, குரல் உயரவில்லை. இளைஞன் பாடியபோது தனக்கு இனி என்ன ஆகுமோ என்ற பயமாக இருந்த வரிகள், 1960களில் மாத்திரைப் பழக்கத்தில் விழுந்து எழும்பி, நண்பர்களையும் உடன்பிறந்தவர்களையும் புதைத்துவிட்டு நிற்கும் மனிதரின் வாயில், நடந்து முடிந்தவற்றின் கணக்காகின்றன. மூலப் பாட்டில் கிரீடத்தைப் பற்றிய வரியில் ஒரு கெட்ட வார்த்தை வரும். கேஷ் அதை எடுத்துவிட்டு முட்கிரீடம் என்று பாடினார். அந்த ஒரு மாற்றத்தால் பாட்டு அவருடைய வேதப்புத்தகத்துக்குள் வந்துவிட்டது. இனி இது என்னுடைய பாட்டு அல்ல என்ற பொருளில் ரெஸ்னரே பிற்பாடு கூறியிருக்கிறார்.

இதற்கு மார்க் ரோமனெக் இயக்கிய காணொளியையும் பார்க்க வேண்டும். டென்னசியில் கேஷின் நினைவுப்பொருட்களை வைத்திருந்த காட்சியகம் அப்போது மூடிக் கிடந்தது. பெரும்பகுதி அங்கேதான் படமாக்கப்பட்டது. பழங்களும் இறைச்சியும் நிறைந்த மேசையில் அமர்ந்து, நடுங்கும் கையால் கிண்ணத்திலிருந்த திராட்சரசத்தை அவர் மேசையின்மேல் ஊற்றுகிறார். இளவயதில் ரயிலில் தொற்றியும் மேடையில் நின்றும் எடுத்த காட்சிகள் இடையிடையே வந்து போகின்றன. படிக்கட்டில் நின்று கணவரைப் பார்க்கும் ஜூன் கார்ட்டரின் முகத்தில் உள்ள கவலை நடிப்பு அல்ல. என் பெரியம்மாவுக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் தெரியாது. அடுத்த அறையிலிருந்து இந்தப் பாட்டைக் கேட்டவர், "ஏம்ப்பா, யாரு செத்துப் போனது?" என்று கேட்டபடி வாசலுக்கு வந்தார். அவர் கேட்ட கேள்வியைவிடச் சரியான விமர்சனத்தை நான் இதுவரை எங்கும் வாசித்ததில்லை.

தலைப்புப் பாட்டான 'த மேன் கம்ஸ் அரவுண்ட்' நியாயத்தீர்ப்பு நாளைப் பற்றியது. வேறெந்தப் பாட்டுக்கும் செலவிடாத நேரத்தை இதற்குச் செலவிட்டதாக கேஷ் எழுதியிருக்கிறார். கனவில் இங்கிலாந்து மகாராணி தம்மைச் சூறாவளியில் நிற்கும் முள்மரத்துக்கு ஒப்பிட்டதாகவும், அந்தச் சொற்களைத் தேடி வேதாகமத்தைப் புரட்டியபோது பாட்டு பிறந்ததாகவும் சொல்கிறார். பழைய ஒலிநாடாவில் கேட்பது போன்ற கரகரப்பான குரலில் வெளிப்படுத்தின விசேஷம் ஆறாம் அதிகாரத்தை வாசித்துத் தொடங்கி, மங்கின நிறமுள்ள குதிரை வரும் வசனத்தோடு முடிக்கிறார். இடையில் புத்தியுள்ள கன்னிகைகள் வருகிறார்கள். முள்ளில் உதைப்பது கடினம் என்று சவுலுக்குச் சொல்லப்பட்ட வசனம் வருகிறது. ஞாயிறு ஆராதனையில் வளர்ந்தவர்களுக்கு ஒவ்வொரு வரியும் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். தெரியாதவர்களையும் கிட்டார் தாளம் விடாது இழுத்துக்கொண்டு போகும். மிரட்டும் போதகரின் குரலில் அவர் இதைப் பாடவில்லை. தீர்ப்புக்கு நிற்கப் போகிறவர்களின் வரிசையில் தாமும் நிற்கும் குரல் அது. அதனாலேயே நம்பத் தோன்றுகிறது.

கதைப்பாடல்கள் இந்தத் தொகுப்பின் இன்னொரு பலம். 'ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் லரேடோ' என்பது சாகக் கிடக்கும் மாட்டிடையன் ஒருவன் தன் சவ ஊர்வலம் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் பழம்பாட்டு. அதன் வேர் அமெரிக்காவில் இல்லை. பிரித்தானியத் தீவுகளில் வழங்கிய ஒரு பழைய பாட்டு, கடல் கடந்து போனவர்களோடு போய், படைவீரன் இருந்த இடத்தில் மாட்டிடையனை வைத்துக்கொண்டு புதிய மண்ணில் வேரூன்றியது. திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் கோப்பிக் காலத்தில் மன்னார் வழியாக நடந்து வந்தவர்களின் தெம்மாங்கும் தாலாட்டும் இந்த மலைகளில் கங்காணியையும் கொழுந்துக் கூடையையும் ஏற்றுக்கொண்டதும் இப்படித்தான், மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை அவற்றைத் தேடித் தொகுக்காமல் இருந்திருந்தால் பல நம் காதுக்கு வந்திருக்கவே மாட்டா. கேஷ் 1965இலேயே இந்தப் பாட்டைப் பாடி வெளியிட்டிருக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், முதலாவதில் கதை சொல்வதில் உள்ள மகிழ்ச்சி தெரிகிறது. இரண்டாவதில் அந்த ஊர்வலத்தின் நீளம் தெரிகிறது.

ஆங்கிலப் பாடகர் ஸ்டிங் எழுதிய 'ஐ ஹங் மை ஹெட்' பற்றியும் சொல்ல வேண்டும். அண்ணனின் துப்பாக்கியைக் கையில் வைத்து விளையாட்டாகக் குறிபார்த்தவன், தெரியாத ஒரு குதிரைக்காரனைச் சுட்டுவிட்டு, தூக்குமேடைக்குப் போகும் கதை. மூலத்தில் தாளம் ஒன்பது எண்ணிக்கையில் நொண்டி நடக்கும், கேட்பவர் அதன் சாமர்த்தியத்தைக் கவனித்துக்கொண்டே இருப்பார். கேஷ் அதை நேரான நான்கு எண்ணிக்கைக்கு மாற்றிவிட்டார். சாமர்த்தியம் போய், கதை மட்டும் மிஞ்சியது. பாட்டு நூறு ஆண்டு பழையதைப் போலத் தோன்றுகிறது. 'சேம் ஹோல்' தூக்கிலேறப் போகிறவனின் வசைப்பாட்டு. மதுக்கடைப் பியானோவோடு அதைப் பாடும்போது கேஷின் குரலில் எங்கிருந்தோ பழைய வலு வந்துவிடுகிறது, அதைக் கேட்க எனக்கு மிகுந்த சந்தோஷமாக இருக்கிறது.

பதினைந்தும் ஒரே தரம் என்று நான் சொல்லமாட்டேன். 'பிரிட்ஜ் ஓவர் டிரபிள்ட் வோட்டர்' மேலே மேலே ஏறுவதற்காகவே அமைக்கப்பட்ட மெட்டு. ஃபியோனா ஆப்பிள் துணைக்குப் பாடியும், ஏற முடியாத குரலை இசை ஏற்ற முயல்வது சங்கடமாக இருக்கிறது. 'டெஸ்பராடோ' ஈகிள்ஸ் குழுவின் பாட்டாகவே நின்றுவிடுகிறது. கேஷுக்கு அதில் சேர்க்க ஒன்றுமில்லை. ஹேங்க் வில்லியம்ஸின் 'ஐம் சோ லோன்சம் ஐ குட் கிரை' தனிமையைப் பற்றிய பாட்டு. அதை நிக் கேவ் உடன் இருவராகப் பாடியது தவறான முடிவு என்றே கருதுகிறேன். 'டெனி போய்' ஓர்கன் இசையில் சற்று மூழ்கிவிடுகிறது. மாறாக, டெபெஷ் மோட் குழுவின் 'பெர்சனல் ஜீசஸ்' எனக்கு எதிர்பாராத பரிசு. மூலத்தில் கிண்டல் தொனிக்கும் வரிகளை அவர் ஒரு விசுவாசியாக, எழுத்துக்கு எழுத்து நம்பிப் பாடுகிறார். ஜோன் ஃப்ருஷான்டேயின் கிட்டார் அதைத் தாங்கிப் பிடிக்கிறது.

ஈவன் மெக்கோல் எழுதிய 'த ஃபெர்ஸ்ட் டைம் எவர் ஐ சோ யுவர் ஃபேஸ்' காதல் பாட்டு. முதன்முதல் உன் முகத்தைப் பார்த்தபோது என்று வாலிபர்கள் பாடினால் அது நேற்றைய செய்தி. மனைவியோடு முப்பத்துநான்கு ஆண்டு வாழ்ந்த கிழவர் அதையே பாடும்போது, ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் அவர் விடும் இடைவெளியில் அந்த ஆண்டுகள் வந்து உட்காருகின்றன. பாட்டில் வாத்தியம் மிகக் குறைவு. இரவில் எல்லோரும் படுத்த பிறகு கேட்க வேண்டிய பாட்டு இது.

கடைசிப் பாட்டாக, போர்க்காலத்தில் வேரா லின் பாடிப் பிரபலமாக்கிய 'வீல் மீட் அகெய்ன்' வருகிறது. குடும்பத்தாரும் நண்பர்களும் சேர்ந்து பாடும் கூட்டுக்குரலோடு இது முடிகிறது. சிலர் இதை இலகுவான முடிவு என்று குறை சொல்வார்கள். இவ்வளவு சாவையும் தீர்ப்பையும் பாடிவிட்டு, வீட்டாரைக் கூட்டி வைத்து மலர்ந்த முகத்தோடு விடை சொல்வதற்கு ஒருவருக்கு உரிமை இருக்கிறது என்பதே என் பதில்.

கேட்க விரும்புவோருக்கு ஓரிரு யோசனைகள். தொகுப்பு முழுவதும் யூடியூபிலும் ஸ்பொட்டிஃபையிலும் கிடைக்கிறது. தொலைபேசியின் சிறு ஒலிபெருக்கியில் கேட்டால் மூச்சும் தந்தியும் தொலைந்துவிடும், ஆகையால் ஹெட்ஃபோனாவது அவசியம். ஜிம் ரீவ்ஸிலிருந்து வருபவர்கள் 'ஹர்ட்'டில் தொடங்க வேண்டாம்; 'கிவ் மை லவ் டு ரோஸ்', 'ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் லரேடோ' இரண்டையும் முதலில் கேட்டுவிட்டு, பிறகு முதற்பாட்டிலிருந்து வரிசையாக வரட்டும். இது பிடித்துப்போனால் அடுத்து தேட வேண்டியது 1994ஆம் ஆண்டின் 'அமெரிக்கன் ரெக்கோர்டிங்ஸ்'. அதில் கிட்டாரும் குரலும் தவிர வேறெதுவும் இல்லை, குரலும் இன்னும் திடமாக இருக்கிறது. அவர் மறைவுக்குப் பின் 2006இலும் 2010இலும் வந்த ஐந்தாம், ஆறாம் தொகுப்புகளை அதற்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.